மின்கட்டண அட்டையில் ஏறாத கணக்கு

கட்டடங்களின் கார்பன் உமிழ்வு என்றதும் மின்சாரத்தைப் பற்றி மட்டுமே பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. எல்.இ.டி. விளக்கு, ஐந்து நட்சத்திர ஏ.சி., மாடியில் சோலார் தகடு, இந்த மூன்றும் இருந்தால் வீடு சுற்றுச்சூழலுக்கு உகந்ததாகிவிடும் என்கிறார்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இவற்றோடு ஒரு தார்சு வீடு கட்டினால் வீட்டுக்காரருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது என்பது பொறியாளர், வங்கி அதிகாரி, அரசுத் திட்ட அலுவலர் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட கருத்து. இரவு பகலாகக் குளிரூட்டி ஓடும் சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். சேலம், நாமக்கல் சமவெளியில் எடப்பாடி, சங்ககிரி, கொங்கணாபுரம் போன்ற ஊர்களில் எழும் ஆயிரம் சதுர அடி வீடுகளுக்கு அறவே பொருந்தாது.

ஒரு வீட்டின் ஆயுள் அதன் புதுமனை புகுவிழாவில் தொடங்குவதில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டுவது, சிமெண்ட் சுடுவது, இரும்பை உருக்குவது, செங்கல் சூளைக்குத் தீ மூட்டுவது, ஜல்லி உடைப்பது, இவற்றையெல்லாம் லாரியில் கொண்டுவந்து சேர்ப்பது, கட்டுவது என்று முதல் கட்டம் நீள்கிறது. குடியிருப்பதும் பழுது பார்ப்பதும் இரண்டாவது கட்டம். இடிப்பதும் இடிபாடுகளை அப்புறப்படுத்துவதும் மூன்றாவது. கட்டட உமிழ்வைக் கணக்கிடும் ஐரோப்பியத் தரநிலை இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. பிரான்ஸ் 2022 முதல் புதிய வீடுகளுக்கும், டென்மார்க் 2023 முதல் புதிய பெரிய கட்டடங்களுக்கும் முழு ஆயுளையும் சேர்த்து உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இந்தியாவில் நடக்கும் பேச்சு இரண்டாவது கட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

எடப்பாடியில் கட்டப்படும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்பது பொறியாளர்கள் மனக்கணக்காகவே சொல்லும் அளவு. அதன்படி 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டாகவே இருந்தாலும் டன்னுக்குச் சுமார் 600 கிலோ கரியமில வாயு. மொத்தம் 12 டன். கம்பி 4 டன். டன்னுக்கு இரண்டு டன் என்று குறைத்தே வைத்தாலும் 8 டன். பத்தாயிரம் செங்கல்லுக்குச் சூளையில் எரிந்த நிலக்கரியோ விறகோ இன்னும் சுமார் 4 டன். எம்-சாண்ட், ஜல்லி, டைல்ஸ், பெயிண்ட், லாரி டீசல் எதையும் சேர்க்காமலே 24 டன் வந்துவிடுகிறது.

அதே வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. ஆக, ஆண்டுக்கு 840 கிலோ. வீட்டைக் கட்டி முடிக்கும் முன்பே வெளியான வாயு, அந்த வீட்டின் 28 ஆண்டு மின்சாரத்துக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று உயர்த்தினாலும் 19 ஆண்டு. அந்த 24 டன்னும் பல ஆண்டுகளில் சிறிதுசிறிதாக வெளியாவதில்லை. கட்டுமானம் நடக்கும் ஆறேழு மாதத்துக்குள் ஒரேயடியாக வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு எந்த விளக்கை மாற்றினாலும் அதில் ஒரு கிலோகூடக் குறையாது.

சிமெண்டுக்கு ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை வேதியியலில் இருக்கிறது. சங்ககிரியில் 1960களிலிருந்து சிமெண்ட் ஆலை இயங்குவதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எந்த எரிபொருளில் சுட்டாலும் இந்த 44 மாறாது. உலையை 1,450 டிகிரிக்குச் சூடேற்ற எரிக்கும் நிலக்கரியின் கணக்கு இதற்கு மேல். ஆலைக்குக் காற்றாலை மின்சாரம் கொடுத்துவிட்டால் சிமெண்ட் சுத்தமாகிவிடும் என்று சிலர் சொல்வது இந்த அடிப்படையைப் பார்க்காமல் சொல்வது. உலகின் மொத்தக் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்தே வருகிறது.

மாடியில் சோலார் வைத்தால் எல்லாம் ஈடாகிவிடும் என்பது இந்தக் கணக்குக்கு உடனே சொல்லப்படும் பதில். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2024 முதல் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. இந்தப் பகுதி வெயிலுக்கு அது ஆண்டுக்கு நாலாயிரம் யூனிட்டை ஒட்டித் தரும், ஏறக்குறைய 2.8 டன் உமிழ்வு மிச்சம். ஒன்பது ஆண்டில் வீட்டின் 24 டன்னும் தீர்ந்துவிடும் போலத் தெரியும். சோலார் நல்லது, அதில் மறுப்பே இல்லை. ஆனால் அதே தகடுகளை இரும்புச் சட்டம் போட்டுப் பழைய வீட்டின் முற்றத்திலோ, மாட்டுக்கொட்டகையின் தகரத்தின் மீதோ நிறுத்தியிருந்தாலும் அதே நாலாயிரம் யூனிட் கிடைத்திருக்கும். மிச்சமான உமிழ்வு சோலாரின் வரவு. அதைப் புதிய கட்டடத்தின் வரவில் எழுதுவது ஒரு கடனை அடைக்க இன்னொருவர் சம்பளத்தைக் காட்டுவதற்கு ஒப்பாகும். மேலும், மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய ஒளியும் கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் உமிழ்வும் குறைந்துகொண்டே வரும். அப்போது மின்சாரத்தின் பங்கு சுருங்கும். கட்டும்போது வெளியேறியது மட்டும் அப்படியே நிற்கும்.

அரசு விதிகளும் இந்த ஒருபக்கப் பார்வையிலேயே உருவானவை. 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கானது. குடியிருப்புகளுக்காக 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் முதல் பகுதி, சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்று அளக்கிறது. பயனுள்ள அளவைதான். ஆனால் அந்தச் சுவர் எதனால் ஆனது, அதைச் செய்ய எவ்வளவு வாயு வெளியானது என்று அது அளப்பதில்லை. எடப்பாடி நகராட்சி எல்லைக்குள் கட்டப்படும் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த இரண்டு விதிகளுமே எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

2011-இல் தமிழக அரசு அறிவித்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் இந்தப் பார்வையைத் தெளிவாகக் காணலாம். 300 சதுர அடியில் கான்கிரீட் தளம் போட்ட வீடு, 1.80 லட்சம் ரூபாய், சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். ஆண்டுக்கு 60,000 வீடுகள். 11 வாட் விளக்கு ஐந்தும் தினம் ஐந்து மணி நேரம் எரிகின்றன என்று வைத்தால் ஆண்டுக்கு 100 யூனிட். மிச்சமாகும் உமிழ்வு 70 கிலோ. மேலே சொன்ன அதே விகிதத்தில் 300 சதுர அடி வீட்டைக் கட்டுவதற்கான உமிழ்வு 7 டன்னுக்கு மேல். அந்த விளக்குகள் நூறாண்டு எரிந்தால்தான் ஈடாகும். குடிசையில் இருந்தவர்களுக்கு வீடு கொடுத்தது பெரிய காரியம். ஆனால் உமிழ்வைக் குறைக்கும் வாய்ப்பு அந்த வீட்டின் கூரையிலும் சுவரிலும் இருந்தது. திட்டம் அதை விளக்கில் தேடியது.

இந்த இடத்தில் வரும் மறுப்பு மிகவும் கனமானது. ஏழை ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டும் வீட்டில் வந்து கார்பன் கணக்குப் பார்ப்பதா என்ற கேள்வி நியாயமான கோபத்திலிருந்து வருகிறது. மழைக்கு ஒழுகும், தீப்பிடித்தால் பத்து நிமிடத்தில் சாம்பலாகும் குடிசையில் இன்னொரு தலைமுறை வாழ வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அந்த வீடுகள் கட்டப்பட வேண்டியவை. உலகச் சராசரியோடு ஒப்பிட்டாலும் அவற்றின் உமிழ்வு அற்பம். கேள்வி எழுவது, அதே பணத்தில் அதே உறுதியோடு குறைந்த சிமெண்டிலும் கம்பியிலும் கட்டும் முறைகள் இருக்கும்போது அவற்றை ஏன் அந்த ஏழைக்குக் கொடுக்கவில்லை என்பதில்தான். சிமெண்ட் விலை ஏறினால் முதலில் அடி வாங்குவதும் அவரே. பொருளைக் குறைப்பது அவருடைய கடனைக் குறைப்பது. சிக்கனம் முதலில் கேட்கப்பட வேண்டிய இடமும் அவர் வீடு இல்லை. முகப்புக்கு மட்டும் சிமெண்டில் வளைவும் தூணும் இழைத்து, நான்கு பேருக்கு மூவாயிரம் சதுர அடி எழுப்புகிறவர்களின் வீடு.

கான்கிரீட் போட்டால் ஒரே வேலை, நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கை அடுத்தது. நல்ல கான்கிரீட்டுக்கு அது உண்மை. இந்த ஊர்களில் போடப்படும் கான்கிரீட்டில் பெரும்பகுதி அப்படிப்பட்டதாக இல்லை. தளம் போடும் நாளில் கலவை இயந்திரத்தின் அருகே சிறிது நேரம் நின்றால் காரணம் தெரியும். கலவை பாண்டுச் சட்டியில் எளிதாக வழுக்கி விழ வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் வாளிக் கணக்கில் ஊற்றப்படுகிறது. அளப்பவர் யாரும் இல்லை. கூடிய தண்ணீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்கிறது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பதற்குப் பதிலாக ஒரு ஜல்லித் துண்டைச் சொருகிவிடுகிறார்கள். மேலே ஆட்கள் நடக்கும்போது கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துளைகள் வழியாக ஈரம் போய், மறைப்பில்லாத கம்பி துருப்பிடித்து உப்பி, சில ஆண்டுகளிலேயே சீலிங் பொரிந்து கொட்டத் தொடங்குகிறது. இப்படி முப்பது ஆண்டில் இடிக்க வேண்டி வரும் வீட்டின் 24 டன்னை முப்பதால்தான் வகுக்க முடியும். அறுபது ஆண்டு நின்றால் ஆண்டுப் பங்கு பாதியாகும். உமிழ்வைக் குறைக்கும் வழிகளிலேயே செலவில்லாதது, தண்ணீரை அளந்து ஊற்றுவதும் போட்ட தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும்தான். வெப்பமான, உலர்ந்த இடங்களில் குறைந்தது பத்து நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. மேட்டூர்க் காற்றும் சேலத்து வெயிலும் அந்த வகையில் அடங்காமல் வேறு எவை அடங்கும்?

அதே தளம் வெயிலையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுதும் சூடேறி இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. சித்திரையில் மாடி வீட்டுக்காரர்கள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுப்பதும், இரண்டு வருடத்தில் ஏ.சி. வாங்குவதும் இதனால்தான். நாட்டு ஓடும் சீமை ஓடும் வேய்ந்த கூரையில் இடுக்குகள் வழியாகச் சூடு வெளியேறிவிடும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் ஓடு ஆறிவிடும். பழைய மச்சு வீடுகளில் கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியதும் சூடு உள்ளே இறங்குவதைக் குறைத்தது. ஆக, புதிய வீடு கட்டும்போது ஒரு முறை உமிழ்ந்துவிட்டு, குடியிருக்கும்போதும் ஏ.சி. வழியாக உமிழ்வைக் கூட்டுகிறது. ஓட்டு வீட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. கரையான் அரிக்கும், குரங்கு ஓட்டைப் பிரிக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஓடு மாற்றி வேய ஆள் வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கைமரத்தை இரும்புக் குழாயாக மாற்றி, அடியில் பலகை அடித்துச் சரிசெய்தால் தீரும் குறைகளுக்காக நல்ல சுவரோடு நிற்கும் வீட்டை இடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இடிக்கத்தான் வேண்டும், புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்ற நிலையிலும் 24 டன் என்பது விதி இல்லை. எடப்பாடியிலிருந்து வெள்ளாண்டிவலசு வழியாகவோ கொங்கணாபுரம் வழியாகவோ எந்தத் தெருவுக்குள் போனாலும் மாடிகளின் நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். நாளைக்கு மாடி எடுப்போம் என்று விட்டவை. துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் பூசியிருப்பார்கள், சிலர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். மகன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போய்விட்டான், மாடி எழவில்லை. எழாத அந்த மாடிக்காக அஸ்திவாரத்தில் போட்ட கூடுதல் கம்பி, தடித்த பில்லர், அகன்ற அடித்தளம் எல்லாம் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. தரைத்தளமோ ஒரு மாடியோ மட்டும் கொண்ட வீட்டுக்குச் செங்கல் சுவரே பாரம் தாங்கும், பில்லர் தேவையில்லை. இந்தப் பகுதி மூன்றாம் நிலநடுக்க மண்டலம் என்பதால் அஸ்திவார மட்டம், லிண்டல் மட்டம், தள மட்டம் ஆகிய இடங்களில் கான்கிரீட் பெல்ட் கட்டுவது மட்டும் விடக் கூடாதது. பில்லர் இல்லாத வீடு உறுதியற்றது என்ற எண்ணம் பரவியதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

சிமெண்டிலும் இதே கதை. எல்லா வேலைக்கும் 53 கிரேடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சீக்கிரம் இறுகும், பலகையைச் சீக்கிரம் பிரிக்கலாம் என்பது மேஸ்திரியின் வசதி. பூச்சு வேலைக்கும் செங்கல் கட்டுமானத்துக்கும் அந்த வலிமை வீண். நிலக்கரிச் சாம்பல் 35 சதவீதம் வரை கலந்த சிமெண்டையும், இரும்புக் கசடு 70 சதவீதம் வரை கலந்த சிமெண்டையும் இந்தியத் தரநிலைகள் நீண்ட காலமாக அனுமதிக்கின்றன. மேட்டூரில் 840 மெகாவாட், 600 மெகாவாட் என்று இரண்டு அனல் மின் நிலையங்கள் சாம்பலைக் கொட்டுகின்றன. மேச்சேரி அருகே பொட்டனேரியில் ஊதுலைகளோடு இரும்பாலை இருக்கிறது. இரண்டுமே எடப்பாடிக்கு நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவை. சாம்பல் கலந்தது தரம் குறைந்த சிமெண்ட் என்ற பேச்சு வெறும் பேச்சு. ஆரம்பத்தில் மெதுவாக இறுகும், கூடுதல் நாள் நனைக்க வேண்டும். பிறகு அடர்த்தி கூடி, ஈரம் புகாமல் கம்பியைக் காக்கும். அனல் மின் நிலையங்கள் மூடப்படும் காலத்தில் சாம்பல் கிடைக்காதே என்பது சரியான கேள்வி. அதற்கும் விடை வந்துவிட்டது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து உமிழ்வை 40 சதவீதம் வரை குறைக்கும் சிமெண்டை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு ஐ.ஐ.டி. டெல்லியும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து சோதித்தன. 2023-இல் அதற்கு இந்தியத் தரநிலையும் கிடைத்தது.

கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஆயிரக்கணக்கான எளியவர் வீடுகளில் செய்து காட்டிய இரண்டு முறைகள் இந்தச் சமவெளிக்கு அப்படியே பொருந்தும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். இதற்கு ஓரம் நேரான சேம்பர் செங்கல் வேண்டும். நாட்டுச் சூளைக் கல் ஒத்துவராது. இன்னொன்று ஓடு பதித்த தளம். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட் கம்பியைச் சுற்றி மூடியிருப்பதைத் தவிர வேறு பாரம் சுமப்பதில்லை. ஆகவே கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டங்களில் சீமை ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டால் தளத்தின் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறையும், எடை குறைவதால் கம்பியும் குறையும், ஓட்டுக்குள் இருக்கும் காற்றால் அறைக்குள் இறங்கும் சூடும் குறையும். இடித்த பழைய வீட்டின் ஓடுகளையே இதற்குப் பயன்படுத்தலாம்.

எதிர்காலத் தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும், ஆலைப் புகையிலிருந்தே வாயுவைப் பிடித்துப் புதைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இந்தியாவின் நிகர பூஜ்ஜிய இலக்கு 2070. எட்டு லட்சம் வீடுகளின் கெடு 2030. அந்த வீடுகளுக்கான சிமெண்ட் இன்றைய உலைகளில்தான் சுடப்படும்.

எடப்பாடிக்கே உரிய ஒரு எதிர்வாதம், விசைத்தறிகள். வீட்டோடு சேர்ந்த தறிக்கூடங்களில் மின்சாரம்தானே முதன்மைச் செலவு என்பார்கள். உண்மைதான். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-இல் உயர்த்தப்பட்டதே அந்தச் செலவின் அளவைக் காட்டும். ஆனால் அது துணியின் கணக்கு. எந்தக் கட்டடத்தில் ஓடினாலும் தறி அதே மின்சாரத்தைக் கேட்கும். கூடத்தின் கூரைக்கும் சுவருக்கும் ஆன உமிழ்வு தனியாக நிற்கிறது. கூரை சூடாகி நூல் காய்ந்து அறுபடுவதைத் தறி ஓட்டுபவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

கடைசிக் கட்டமான இடிப்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கட்டுமானக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. சிறு நகரங்களில் இடிபாடு இன்னும் பள்ளத்தை மேடாக்கவும் ஓடைக்கரையில் கொட்டவுமே போகிறது. சுண்ணாம்புச் சாந்திலும் மண் சாந்திலும் கட்டிய பழைய சுவரில் செங்கல்லைத் தட்டினால் முழுதாகக் கழன்று வரும். நிலைக்கதவும் தூணும் உத்திரமும் விலைபோகும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரில் கல் உடையுமே தவிரக் கழலாது. இன்று கட்டும் வீடுகள் இடிபடும்போது கம்பியைத் தவிர அடுத்த வீட்டுக்கு அப்படியே எடுத்துப் போக எதுவும் மிஞ்சாது என்பதைக் கட்டும் முறையே தீர்மானித்துவிடுகிறது.

இவ்வளவையும் கணக்கிட ஆலோசகர் வேண்டும், மென்பொருள் வேண்டும், சிறு ஊர்களில் நடக்காது என்ற சாக்கு நிற்காது. வீட்டுக் கடனுக்காக வங்கியில் கொடுக்கும் எஸ்டிமேட்டுக்காகப் பொறியாளர் சிமெண்ட் மூட்டை, கம்பி, செங்கல் அளவுகளை எப்படியும் கணக்கிடுகிறார். 2,500 சதுர அடி வரையிலான மனைகளுக்கு 2024 முதல் தமிழகத்தில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி இணையத்திலேயே கிடைக்கிறது. அந்த விண்ணப்பத்தில் இந்த மூன்று அளவுகளையும் கேட்டு, ஒவ்வொன்றையும் அதற்கான எண்ணால் பெருக்கி, சதுர அடிக்கு இத்தனை கிலோ என்று அனுமதி ஆணையிலேயே அச்சிட்டுவிடலாம். அரசு வீட்டுத் திட்டங்களில் ஓடு பதித்த தளத்தையும் எலிப்பொறிக் கட்டையும் மாதிரி வரைபடத்தில் சேர்த்து, அதில் தேர்ந்த கொத்தனார்களை ஒன்றியத்துக்குச் சிலராவது பயிற்றுவிப்பதற்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.